குன்னூரில் ஒரு விஸ்கி டேஸ்டிங்: படிக்கம் வைத்தார்கள், அப்புறம் கூப்பனும் நீட்டினார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஹோட்டல் பெயரைப் போடப்போவதில்லை. பாராட்டும் இருக்கிறது, திட்டும் இருக்கிறது, குன்னூரோ சின்ன ஊர். அப்பர் குன்னூரில் தும்மினால் லோயர் பஜாரில் "நூறாயுசு" என்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இரண்டு பத்தி படித்தாலே எந்த இடம் என்று புரிந்துவிடும். வெளியூர்க்காரர்களுக்கு இடத்தைவிட, இந்த மாதிரி நிகழ்ச்சிக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் உபயோகப்படும்.

பழைய தோட்டத்து பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். உள்ளே ஒரு பார் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணியிலிருந்து ஆறரை வரை விஸ்கி டேஸ்டிங், தலைக்கு 2,400 ரூபாய், ஐந்து வகை, கூடக் கொறிக்க ஏதோ. போன மாதம் திருப்பூரிலிருந்து என் மனைவியின் தம்பி வந்திருந்தான். பனியன் கம்பெனிக்காரன், வாரம் முழுக்க டென்ஷன், மலை ஏறினால் கை நடுங்கும் அளவுக்கு உற்சாகம். "மாமா, நல்ல சரக்கா அஞ்சு ஊத்தறாங்களாம், போலாமா" என்றான். நான் தயங்கினேன். தயங்கியதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மலையில் வேறொரு இடத்தில் இதே பெயரில் ஒரு கூத்துக்குப் போயிருந்தேன். ஆறு விஸ்கி, ஒவ்வொன்றும் 30 மி.லி., ஒன்றரை மணி நேரத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறு முப்பது நூற்றெண்பது. அதாவது ஒரு குவாட்டர்! டாஸ்மாக் வாசலில் நின்று ஒருவன் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு குவாட்டரை முடித்தால் அவனை என்ன சொல்வோம்? அதையே காம்புள்ள கண்ணாடிக் கிளாஸில் ஆறாகப் பிரித்து ஊற்றி, "வெண்ணிலா வருகிறதா, தோல் வாசனை வருகிறதா" என்று கேட்டால் அது ரசனை ஆகிவிடுகிறது. துப்புவதற்குப் பாத்திரம் இல்லை, தண்ணீர் கேட்டால் வந்தது, கேட்காதவர்களுக்கு வரவில்லை. நாலாவது கிளாஸில் எதிரே இருந்தவருக்கு எல்லா விஸ்கியும் ஒன்றாகிவிட்டது, ஐந்தாவதில் அவர் பேச்சு ஒன்றாகிவிட்டது. முடிந்ததும் கைகுலுக்கி வழியனுப்பினார்கள், ஆளாளுக்கு சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்காதவர்களில் நானும் ஒருவன், அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எனக்கு ஏன் இது இவ்வளவு உறுத்துகிறது என்றால், நான் பத்தொன்பது வருடம் இதே ஊரில் தேயிலை புரோக்கர் ஆபீஸில் டேஸ்டிங் ரூமில் வேலை பார்த்தவன். எங்கள் பாஷையில் "லிக்கர்" என்றாலே டீதான், ஊறவைத்து வடித்த சாறு. கல்யாணமான புதிதில் நான் போனில் "இன்னிக்கு லிக்கர் பிரமாதம், நூத்தம்பது கப் பாத்தேன்" என்று சொன்னதைக் கேட்டு என் மாமியார் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தது தனிக் கதை. ஏலத்துக்கு வரும் சாம்பிள்களை வரிசையாக வைத்து, கரண்டியில் எடுத்து, உர்ரென்று காற்றோடு சேர்த்து உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கால் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வரும் உயரமான பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த கப்புக்கு நகர்வோம். காற்றோடு உறிஞ்சினால்தான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். நாக்குக்குத் தெரிவது புளிப்பு, கசப்பு, இனிப்பு மாதிரி நாலைந்து விஷயம்தான், மீதி எல்லாம் மூக்கின் வேலை. விழுங்குவதால் கூடுதலாக ஒன்றும் தெரிந்துவிடாது. டீயையே துப்புகிறவர்கள் நாங்கள். விஸ்கியைச் சொட்டு விடாமல் விழுங்கிவிட்டு அதற்கு டேஸ்டிங் என்று பெயர் வைத்தால் எப்படி?

சரி, போன மாதத்துக்கு வருகிறேன். புக்கிங்குக்குப் போன் செய்தபோதே மூன்று கேள்வி கேட்டார்கள். எல்லோருக்கும் 21 வயது ஆகிவிட்டதா, யார் வண்டி ஓட்டப்போகிறீர்கள், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா. மூன்றாவது கேள்வியை எந்த பாரிலும் நான் கேட்டதில்லை. எனக்கு சுகர் மாத்திரை உண்டு என்றேன். அப்படியானால் வெறும் வயிற்றில் வர வேண்டாம், மதியம் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்றால் டீ வரிசை இருக்கிறது என்றார்கள். சரியான பதில். சில சுகர் மாத்திரைகளோடும் இன்சுலினோடும் மது சேர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும், பார்க்கிறவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள், அதுதான் ஆபத்து. டாக்டரைக் கேட்டேன். ருசி பார்த்துத் துப்புவதாக இருந்தால் போ, விழுங்குவதாக இருந்தால் வீட்டில் இரு என்றார்.

டீ வரிசை என்றால், ஓட்டுகிறவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் அதே மேஜையில் அதே மாதிரி கிளாஸில் ஐந்து நீலகிரி டீ. ஒயிட், கிரீன், ஊலாங், பனிக்காலத்தில் பறித்து உருட்டிச் செய்த ஆர்தடாக்ஸ், கடைசியாகப் புகை போட்ட ஒன்று. கட்டணம் 900. இதுவரைக்கும் இந்த மாதிரி இடங்களில் ஓட்டுகிறவருக்குக் கிடைத்தது ஒரு லைம் சோடாவும் ஓரமாக ஒரு நாற்காலியும்தான், மொபைலை நோண்டிக்கொண்டு கிடப்பார் பாவம். இங்கே அவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கிறது. அன்றைக்கு எங்கள் மேஜையில் ஒரு கோயம்புத்தூர் அம்மா டீ வரிசை எடுத்திருந்தார், நாலாவது டீயில் "அல்லிப்பூ மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னது அன்று அந்த அறையில் யாரும் சொன்னதைவிடச் சரியான சொல். பத்தொன்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

நிகழ்ச்சி புல்வெளியில் என்று போட்டிருந்தார்கள், போனால் உள்ளே பாரில் நடந்தது. ஏன் என்றால், லைசென்ஸ் பாருக்குத்தான், புல்வெளிக்கு இல்லையாம். அதைப் போஸ்டர் அடிப்பதற்கு முன்னால் யோசித்திருக்கலாம், ஆனாலும் சட்டத்தை மதித்து உள்ளே போனதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு. யாரோ ஒரு நல்லெண்ணம் படைத்தவர் நாலு மணிக்குத் தரையை நீலகிரித் தைலம் கலந்த தண்ணீரில் துடைத்திருக்கிறார். அறை முழுக்க யூகலிப்டஸ்! ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்க வந்த மாதிரி இருந்தது. இதில் கணப்பு அடுப்பின் புகை வேறு. மூக்கை நம்பி நடத்தும் ஒரு நிகழ்ச்சிக்கு இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. எங்கள் டேஸ்டிங் ரூமில் பவுடர் போட்டுக்கொண்டு வந்தால்கூட வெளியே அனுப்பிவிடுவார்கள். ஜன்னலைத் திறக்கச் சொன்னேன், திறந்தார்கள், அப்புறம் எல்லோரும் குளிரில் நடுங்கினோம்.

நடத்தியவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நன்றாகப் பேசினார், தமிழில் பேசினார், அதற்கே ஒரு மார்க் கூடுதல். எடுத்த எடுப்பில் அவர் சொன்னது பாட்டிலைப் பற்றி இல்லை. "இது மருந்து கிடையாதுங்க, உடம்புக்கு நல்லதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பாதுகாப்பான அளவுன்னே ஒண்ணு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில சொல்லிடுச்சு. ருசி தெரிஞ்சுக்க வந்திருக்கோம், அதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான்" என்றார். மது விற்கிற இடத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

நம்மாள், அதுதான் மச்சினன், விடுவானா. "ஏங்க்கா, இந்தக் குளிருக்கு ரெண்டு போட்டா ஒடம்பு சூடாகுமில்ல?" என்று கேட்டான். சூடாகிற மாதிரி தோன்றும் என்றார் அவர். மது தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரியவைக்கிறது, உள்ளே இருக்கும் சூடு தோலுக்கு வருகிறது, அதனால் கதகதப்பாகத் தெரிகிறது, அங்கிருந்து அந்தச் சூடு காற்றில் போய்விடுகிறது. உள்ளுக்குள் உடம்பு குளிர்ந்துகொண்டேதான் இருக்கும். ஊட்டியில் ராத்திரி குடித்துவிட்டு வெளியே படுக்கிறவனுக்கு ஆபத்து அதனால்தான். இவன் ஸ்வெட்டர் ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டான்.

ஊற்றும் அளவு ஒவ்வொன்றும் 15 மி.லி. இதைத்தான் நான் முதலில் பார்த்தேன். கையளவில் ஊற்றவில்லை, பெக் மெஷரில் அளந்து, ஒவ்வொரு கிளாஸுக்கும் அளந்து ஊற்றினார்கள். ஐந்து பதினைந்து எழுபத்தைந்து, ஒரு ஸ்மால் 30 மி.லி. என்றால் இரண்டரை ஸ்மால். பார்க்கக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர் சாதாரண விஸ்கி 42.8 சதவீதம், அதில் 30 மி.லி. எடுத்தாலே கிட்டத்தட்ட 10 கிராம் சுத்த ஆல்கஹால், அதைத்தான் இங்கே ஒரு கணக்கு அலகாக வைக்கிறார்கள். முளைகட்டிய பார்லியில் காய்ச்சும் மால்ட் வகைகள் பல 46 சதவீதம். எழுபத்தைந்தையும் விழுங்கினால் 27 கிராம் உள்ளே போகிறது. ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் எரிக்கும், அவசரப்படுத்த வழியில்லை. கருப்பு காபி, எலுமிச்சை, மோர் எதுவும் எடுபடாது.

இதை வண்டி ஓட்டும் சட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். நூறு மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.தான் வரம்பு, தாண்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் கிடைக்கலாம். எழுபது கிலோ ஆள் ஒருவர் இரண்டு மணி நேரத்தில் அந்த 75 மி.லி.யை விழுங்கியிருந்தால் தோராயமாக அந்த வரம்பின் விளிம்பில் நிற்பார், மெலிந்த உடம்பென்றால் தாண்டியிருப்பார், பெண்களுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும். நான் முன்னால் சொன்ன அந்த ஒரு குவாட்டர் கூத்தில் அதே ஆள் வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்திருப்பார். அந்த நிலையில்தான் கைகுலுக்கி அனுப்பினார்கள், மேட்டுப்பாளையம் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு. மசினகுடி பக்கம் போகிறவர்களுக்குக் கல்லட்டியில் 36.

அப்புறம் படிக்கம். இதுதான் இந்த இடத்தில் என்னை மொத்தமாகச் சாய்த்த விஷயம். மேஜை நடுவில் பித்தளை எச்சில் படிக்கம் ஒன்று வைத்திருந்தார்கள். என் பாட்டி வெற்றிலை போட்டுவிட்டுத் துப்புவாளே, வாய் விரிந்து, இடை ஒடுங்கி, அடி கனமாக, அதே வடிவம். புளி போட்டுத் தேய்த்து மினுமினுவென்று வைத்திருந்தார்கள். உள்ளே கொஞ்சம் மரத்தூள் போட்டிருந்ததால் சத்தமும் தெறிப்பும் இல்லை. பார் ஆள் ஒருவர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எடுத்துப்போய்க் காலி செய்துவிட்டு வந்து வைத்தார். பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தால் யாரும் துப்பியிருக்க மாட்டார்கள், அருவருப்பு. இதைப் பார்த்தால் துப்பலாம் என்றே தோன்றுகிறது.

ஆனாலும் முதல் கிளாஸில் யாரும் துப்பவில்லை. நடத்தியவரே முதலில் துப்பிக் காட்டினார். இரண்டாவது ஆள் நான், பழைய பழக்கம், நேர்கோட்டில் போய் விழுந்தது. "மாமா, காசு கொடுத்துட்டு வந்து துப்பறதா?" என்று என் காதில் கேட்டான் நம்மாள். முகத்தைப் பார்த்தால் நான் ஏதோ கோயில் பிரசாதத்தைக் கீழே போட்டுவிட்ட மாதிரி. "மாப்ள, காசு ருசிக்கு, அது வந்தாச்சு" என்றேன். அவன் விழுங்கினான். மூன்றாவது கிளாஸ் வரும்போது மேஜையில் பாதிப் பேர் துப்ப ஆரம்பித்திருந்தார்கள். முதலாளி துப்பினால் தொழிலாளியும் துப்புவான், அவ்வளவுதான் சூட்சுமம். குறை என்னவென்றால் ஆறு பேருக்கு ஒரே படிக்கம். வாயில் விஸ்கியை வைத்துக்கொண்டு "அதை இப்படி நகர்த்துங்க" என்று எப்படிச் சொல்வது? கன்னத்தை உப்பிக்கொண்டு கையைக் காட்டுகிறோம், ஊமை நாடகம் மாதிரி.

துப்பிவிட்டோமே, ஒன்றும் ஏறாது என்று நினைக்க வேண்டாம். வாய்த் தோல் வழியாகவும், தெரியாமல் தொண்டையில் இறங்குவதிலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். துப்பினவர்களும் ஓட்ட வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். துப்பிய கையோடு போலீஸ் கருவியில் ஊதினால் வாயில் இருக்கும் ஆவியே எகிறிக் காட்டும், கால் மணி நேரமாவது அடங்காது என்பது கூடுதல் தகவல்.

விஸ்கிகளைப் பற்றி நீட்டி முழக்கப்போவதில்லை. மூன்று இந்திய மால்ட், இரண்டு ஸ்காட்லாந்து. லேசானதிலிருந்து கனமானது, கடைசியில் புகை வாசனை. அந்த வரிசை சரி. பாருக்கும் சரக்கு டாஸ்மாக் கிடங்கு வழியாகத்தான் வர வேண்டும் என்பதால் இங்கே அபூர்வமான பாட்டில்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தெரிந்துகொண்ட ஒரு நல்ல விஷயம்: பெங்களூரு மாதிரி இடத்தில் பீப்பாயில் வைத்த விஸ்கி வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் ஆவியாகிப் போய்விடுமாம், ஸ்காட்லாந்தின் குளிரில் இரண்டு சதவீதம்தான் போகும். அதனால் இங்கே நாலைந்து வருடத்திலேயே மரத்தின் ருசி இறங்கிவிடுகிறது. பெங்களூரு கம்பெனியான அம்ருத் 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் கிளாஸ்கோவில் கொண்டுபோய் வைத்தது பற்றியும் சொன்னார், கொல்லன் தெருவில் ஊசி விற்கிற தைரியம். புகை விஸ்கிக்குப் பீட் என்னும் மக்கிய சதுப்பு மண்ணைக் கொளுத்துகிறார்கள் என்றதும் எனக்கு நம் மலை ஞாபகம் வந்தது. ஊட்டிக்கு அந்தப் பக்கம் சாண்டிநல்லாவில் ஆராய்ச்சிக்காரர்கள் பழைய காலத்துப் பருவநிலையைத் தெரிந்துகொள்ளத் தோண்டி எடுத்தார்களே, அதே வகை மண். அதை நான் சொன்னதும் பேச்சு பத்து நிமிடம் அந்தப் பக்கம் போய்விட்டது, ஐந்தாவது கிளாஸ் தாமதமானது. தாமதமானது நல்லதுக்கே. ஒரு கிளாஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருபது நிமிடமாவது போக வேண்டும், இல்லாவிட்டால் மூக்கும் களைத்துவிடும், கையும் வேகமெடுத்துவிடும்.

தண்ணீர் கண்ணாடி ஜாடியில் இருந்தது. இங்கே பிளாஸ்டிக் பாட்டில் தடை என்பதால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் கேட்காமலே ஊற்றினார்கள். கிளாஸ்தான் சின்னது. சாப்பாடு சுமார். ஊட்டி வர்க்கி, உள்ளூர் சீஸ், வேகவைத்த உருளைக்கிழங்கில் மிளகு, கொஞ்சம் அவரைக்கொட்டை. வர்க்கியும் சீஸும் நல்ல ஜோடி. வறுத்த உப்புக்கடலையை வைக்காமல் விட்டதைக் கவனித்தேன், உப்பும் காரமும் தாகத்தைக் கிளப்பி அடுத்த கிளாஸைக் கேட்க வைக்கும், பார்க்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். இவர்கள் தெரிந்தே வைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பக்கத்து மேஜையில் ஒரு சின்ன ரசாபாசம். அப்பா, அம்மா, கல்லூரிப் பையன். ஆதார் கேட்டார்கள், பையனுக்குப் பத்தொன்பது. தமிழ்நாட்டில் 21 ஆக வேண்டும். "நான்தான் அப்பா, நானே சொல்றேன், ஒரு வாய் குடிச்சா என்ன, வீட்ல தெரியாம குடிக்கறதுக்கு இது மேல் இல்லையா" என்று அவர் வாதாடினார். மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. "சார், நீங்க சொல்றது வீட்டுக்குச் சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது, இங்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் பையனுக்கு டீ வரிசையை வைத்தார். பையனுக்கு அப்பாடா என்று இருந்ததை முகத்திலேயே பார்க்க முடிந்தது. புக்கிங்கிலேயே கேட்டும் இப்படி வருகிறார்கள் என்றால், வாசலில் இன்னொரு முறை பார்ப்பதுதான் வழி.

இவ்வளவு தூரம் எல்லாம் நன்றாகப் போனது. ஆறரை ஆனது, கைதட்டினோம், நடத்தியவர் கிளம்பிவிட்டார். அவர் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார், ஒரு பையன் தட்டில் அட்டைகளை அடுக்கிக்கொண்டு வந்து ஆளுக்கு ஒன்று வைத்தான். டேஸ்டிங் விருந்தினர்களுக்கு இன்று இரவு மட்டும் பாரில் 20 சதவீதம் தள்ளுபடி, லார்ஜ் ஆர்டர் செய்தால். லார்ஜ்! அறுபது மி.லி. இரண்டு மணி நேரம் 15 மி.லி. பெக் மெஷரில் அளந்து, துப்பக் கற்றுக்கொடுத்து, ஈரலுக்குக் கணக்குச் சொல்லிவிட்டு, கடைசியில் அறுபதுக்குத் தள்ளுபடி. ஐந்து வகை ருசி பார்த்தவனுக்குப் பிடித்தது எது என்று தெரிந்துபோய், கொஞ்சம் சூடேறி, வேண்டாம் என்று சொல்லும் தெம்பு குறைந்திருக்கும் சரியான நேரம் பார்த்து. எங்கள் மேஜையில் படிக்கத்தில் ஒழுங்காகத் துப்பிய ஒரு மனிதர் அடுத்த அரை மணியில் இரண்டு லார்ஜ் முடித்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஹோட்டலுக்கு வியாபாரம் வேண்டும், புரிகிறது. அப்படியானால் சாப்பாட்டுக்குத் தள்ளுபடி கொடுங்கள், ராத்திரி தங்கினால் அறைக்குத் தள்ளுபடி கொடுங்கள், அந்தப் பாட்டில் பெயரை எழுதிக் கொடுங்கள், இன்னொரு நாள் வந்து கேட்கட்டும். நம்மாளும் அட்டையை எடுத்தான். "மாப்ள, உங்கக்கா ராகிக் களி கிண்டி வெச்சிருக்கா" என்றேன். அக்கா பெயருக்கு இன்னும் மரியாதை இருக்கிறது, அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்கு மறுபடியும் முழு மார்க். சென்னை மாதிரி ஆப்பைத் தட்டினால் இரண்டு நிமிடத்தில் கார் வந்து நிற்கும் ஊர் இல்லை இது. ஏழு மணிக்கு மேல் டாக்சிக்காரரைத் தெரிந்து வைத்திருந்தால்தான் உண்டு. கட்டணத்திலேயே வேன் சேர்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு, வெலிங்டன், அருவங்காடு வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார்கள். நம் வண்டியை ராத்திரி அங்கேயே விட்டுவிடலாம், பார்க்கிங்குக்குக் காசில்லை, சாவியை ரிசப்ஷனில் கொடுத்தால் சீட்டுப் போட்டுத் தருகிறார்கள். மச்சினனுக்கு அன்றைக்கே திருப்பூர் இறங்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ரிசப்ஷன் பெண் சாவியை மறுக்கவில்லை, அவனைக் குடிகாரன் மாதிரி நடத்தவும் இல்லை. "அண்ணா, வேன் கிளம்பப்போகுது, உங்க மாமா ஏறிட்டாங்க, காலைல டிபன் சாப்டுட்டு வந்து எடுத்துக்கங்க" என்றாள். ஏறிவிட்டான். இந்த ஒரு வாக்கியத்துக்கு அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்கலாம்.

வேன் இரண்டாவது வளைவு திரும்பியதும் நின்றுவிட்டது. ரோட்டுக்கு நடுவில் காட்டுமாடு, ஒன்றில்லை, மூன்று. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, லைட்டைக் குறைத்துவிட்டு எஞ்சினை அணைத்தார். பெரியது ஒன்று திரும்பி எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் ஓரத்துச் செடியை மேய்ந்தது. எட்டு நிமிடம். வேனுக்குள் யாரும் பேசவில்லை. "மாமா, நான் ஓட்டியிருந்தா இதுல போய்ச் செருகியிருப்பேன்" என்றான் மெதுவாக. நான் பதில் சொல்லவில்லை, டிரைவர்தான் "போன வாரம் ஒருத்தர் செருகினாரு" என்றார்.

போகலாமா என்று கேட்டால், போகலாம். 2,400 கொஞ்சம் அதிகம்தான், வேனைச் சேர்த்துப் பார்த்தால் பரவாயில்லை. அன்றைக்கு நாங்கள் பதினாலு பேர், அதற்கு மேல் எடுப்பதில்லையாம், அதனால் இரண்டு வாரம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். தரை துடைத்தாயிற்றா என்று கேளுங்கள், ஜன்னல் பக்கம் இடம் கேளுங்கள், ஸ்வெட்டர் கட்டாயம். வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அடுத்தவர் காசும் வீணாகிவிடும். வேறு எந்த இடத்தில் டேஸ்டிங் என்று போட்டிருந்தாலும் மொத்தம் எத்தனை மி.லி. என்று மட்டும் போனில் கேளுங்கள், பதில் சொல்லத் தெரியாதவர்களிடம் போகாதீர்கள்.

மறுநாள் காலையில் வண்டியை எடுக்கப் போனபோது மேனேஜரிடம் தைலம், படிக்கம், கிளாஸ், கூப்பன் நாலையும் சொல்லிவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்து மெசேஜ் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து மூன்று பேருக்கு ஒரு படிக்கம், பெரிய தண்ணீர் கிளாஸ், டேஸ்டிங் அன்றைக்குத் தரைக்கு வெறும் தண்ணீர்தான். கூப்பன் பற்றி ஒரு வார்த்தை இல்லை.